கூரையிலிருந்து தொடங்குவோம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைக் கேட்டதும் பலருக்கு மாடியில் சூரியத் தகடும், சுவரில் படரவிட்ட செடியும், வரவேற்பறையில் மாட்டிவைத்த பசுமைச் சான்றிதழும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்கு, மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவரைப் பற்றிப் பேசப்போகிறேன். பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளியே கொஞ்சம் காற்று வரத் தொடங்கியிருக்கும். உள்ளே மின்விசிறி அனலைத்தான் இறைக்கும். அவர் கடன் வாங்கி, நல்ல கம்பெனி சிமெண்டு வாங்கி, முறையாகத் தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடுதான் அது. தூக்கம் மட்டும் இல்லை.

என் கட்சி இதுதான். ஒரு கட்டடம் நல்லதா, கெட்டதா என்பதை அதற்குள் வாழ்கிறவர் உடம்பையும், அதைக் கட்டுகிறவர் உடம்பையும் வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கும் மண்ணுக்கும் கேடு செய்யாத பொருள் பெரும்பாலும் மூச்சுக்கும் கேடு செய்யாது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். விதிவிலக்குகள் உண்டு.

முதலில் கூரை. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 டிகிரியிலிருந்து 13½ டிகிரிக்குள் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை. கோடை முழுக்க வெயிலை நேராக வாங்குவது சுவரை விடக் கூரைதான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சூரியன் சாய்ந்து வருவதால், அங்கே எழுதப்பட்ட கட்டடப் பாடங்கள் சுவரையும் சன்னலையும் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றன. அந்தப் பாடத்தை அப்படியே படித்துவிட்டு வந்து, நாம் இங்கே ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தை வெயிலில் காயவிடுகிறோம். அந்தத் தளம் பகலெல்லாம் வெப்பத்தைக் குடிக்கிறது. சில மணி நேரம் கழித்து, நாம் வேலை முடித்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, அதைக் கீழே விடுகிறது. பகலில் அலுவலகத்தில் இருப்பவருக்கு இரவில் மட்டும்தான் இந்தச் சூடு. பகலிலும் வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இரவிலும் ஓய்வில்லை.

இதற்கு முன்னால் நம் ஊரில் என்ன இருந்தது? ஏழைக்குக் கீற்றும் பனையோலையும், கொஞ்சம் வசதி உள்ளவருக்கு நாட்டு ஓடும், நகரத்துக் கட்டடங்களுக்கு மெட்ராஸ் டெரஸும் இருந்தன. ஓலை வெப்பத்தைத் தேக்கி வைக்காது, எளிதில் கடத்தவும் செய்யாது. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பழைய வீட்டைப் புகழ்ந்து பேசுகிற யாரும் அந்த நாளை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. நான் முதலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். இயற்கையான பொருள் என்பதாலேயே அது பாதுகாப்பான பொருள் ஆகிவிடாது. பள்ளிகளிலிருந்து கீற்றை எடுத்தது சரி. எடுத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வைத்தோம். சிமெண்ட் ஷீட் என்றும் சொல்வார்கள். அதற்குள் இருப்பது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஊசிகளாக அது பிரியும். மூச்சோடு உள்ளே போனால் உடம்பால் அதை எளிதில் கரைக்கவும் முடியாது, முழுவதும் வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் தடித்து இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவற்றுக்கு அது காரணம். நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கூட ஆகலாம். அதனால் நோயாளியும் மருத்துவரும் அந்த ஷீட்டை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐயமில்லாமல் சொல்லியிருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. பிரேசிலில் 2017-இல் உச்ச நீதிமன்றமே தடை விதித்தது. கனடா 2018-இல் தடை செய்தது. அமெரிக்கா வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை 2024-இல் தடை செய்தது. நாம் இன்னும் ரஷ்யாவிலிருந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே அந்தக் கூரை இருந்தால் பதறி உடைக்காதீர்கள். முழுதாக இருக்கும் ஷீட்டை விட உடைத்த ஷீட்தான் ஆபத்து. அதில் துளை போடுவதோ, ரம்பத்தால் அறுப்பதோ, மேலே ஏறித் துடைப்பத்தால் பரபரவென்று தேய்ப்பதோ வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக் கூண்டுக்கும் வாசல் பள்ளத்துக்கும் போடுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அங்கேதான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். புதிதாக வாங்குவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

மெட்ராஸ் டெரஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எழும்பூரிலும் மயிலாப்பூரிலும் உள்ள பழைய கட்டடங்களில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். தேக்கு உத்தரங்கள் வரிசையாகப் போகும். அவற்றின் மேல் சின்னஞ்சிறு மெல்லிய செங்கற்களைக் குத்தாக, சாய்கோணத்தில் வரிசை வைத்து, சுண்ணாம்புக் காரையால் பிணைத்திருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து அதை இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. செங்கல் ஜல்லிக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் வெப்பம் எளிதில் இறங்காது. கான்கிரீட் வந்த பிறகும் இந்த அறிவு முழுக்க அழிந்துவிடவில்லை. பொதுப்பணித் துறைக் கட்டடங்களில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டுத் தட்டோடு பதிப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தனியார் வீடுகளில் அதுதான் முதலில் வெட்டப்பட்ட செலவு. கூடத்துக்குப் பளிங்கு போல டைல்ஸ் வாங்கக் காசு இருக்கிறது, மேலே ஜல்லித் தளம் போடக் காசில்லை என்கிறோம்.

தேக்கு உத்தரம் இன்று வாங்க முடியாது. வாங்கவும் கூடாது, காடு தாங்காது. ஆனால் அந்தத் தளத்தின் அறிவை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவரலாம் என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1940-களில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே அந்த வீட்டைக் கட்ட வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னார். இந்தியாவுக்குத் திரும்பி வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறி, கடைசிக் காலம் வரை அங்கே வாழ்ந்து, 2007-இல் மறைந்தார். 1970-களின் தொடக்கத்தில் அந்நகரில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டடம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் போய்ப் பார்க்க வேண்டும். பூசாத செங்கல் சுவர், சன்னலுக்குப் பதிலாகக் காற்று நுழையும் துளைச் சுவர், வெட்டாமல் விட்ட மரத்துக்காக வளைந்து போகும் மதில்.

பேக்கர் பரப்பிய நிரப்புத் தளத்தின் சூட்சுமம் எளிமையானது. கான்கிரீட் தளத்தில் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்து, அதற்கு மேலே கான்கிரீட் போட்டால் போதும். சிமெண்டு குறைகிறது, தளத்தின் எடை குறைகிறது, இரண்டு ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கீழிருந்து பார்த்தால் ஓட்டு வீட்டுக்குள் இருப்பது போல அழகாகவும் இருக்கிறது. கம்பியின் இடைவெளியை ஓட்டின் அளவுக்கேற்ப ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொத்தனார் மனக்கணக்கில் செய்கிற வேலையன்று இது. அதே போல, செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, சுவருக்குள்ளேயே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளிருக்கும் காற்று சுவரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஒரு நிபந்தனை உண்டு. செங்கல் எல்லாம் ஒரே அளவாக, விளிம்பு சரியாக இருக்க வேண்டும். கோணலும் மாணலுமான சூளைக் கல்லை வைத்து முயன்றால் கொத்தனார் உங்களைத் திட்டுவார். அவர் திட்டுவதில் நியாயமும் இருக்கும்.

புதிதாகக் கட்ட வழியில்லாதவர்கள் என்ன செய்வது? மேலே ஏறி வெள்ளையடியுங்கள். பங்குனி பிறந்ததும் மொட்டைமாடியைக் கழுவி, சுண்ணாம்போடு கொஞ்சம் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தால் அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை சூடு குறையும். மழைக்காலத்தில் கரைந்துபோகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும். உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதித்தால் நெடுநாள் நிற்கும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. ஷீட் வீட்டுக்காரர்கள் கூரை மேல் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் படரவிடுவது நம் கிராமங்களில் இன்றும் உள்ள வழக்கம். அதை விட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது.

இனி காற்று. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிற பலர், அதே போல முற்றம் வைத்துச் சென்னையில் கட்ட வேண்டும் என்கிறார்கள். காரைக்குடி வறண்ட உள்நாடு. பகலில் கொளுத்தும், இரவில் இறங்கும். அங்கே தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தாங்கி, இரவில் குளிர்ந்துகொள்ளும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலே ஏறிப்போகும். முற்றத்தில் விழும் மழை வீணாகாமல் ஊரணிக்குப் போகும். அந்த மண்ணுக்கு அது பொருத்தம். கடற்கரையில் இரவிலும் புழுக்கம் விடாது. சுவர் குளிர்வதற்கு நேரமே கிடைக்காது. அங்கே வியர்வையை ஆற்றும் காற்றுதான் மருந்து. எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல், பிற்பகலில் வரும் கடற்காற்றுக்குத் திறந்த கிழக்கும் தென்கிழக்கும், மேற்கு வெயிலை மறைக்க ஒரு வேம்போ புங்கையோ. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘இகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் கலந்த பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் படுக்கையறையை இன்று இரவு அளந்து பாருங்கள். பாதி மூடியே கிடக்கும் நகரும் சன்னலில் திறக்கிற பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சாலையோரத்து அலுவலகக் கட்டடங்கள் கண்ணாடியால் மூடப்பட்டு, நாளெல்லாம் குளிரூட்டி ஓட, வாசலில் பசுமைச் சான்றிதழ் மாட்டியிருப்பதைப் பார்க்கிறீர்கள். விளக்கிலும் தண்ணீரிலும் அவர்கள் மிச்சம் பிடிப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நம் வெயிலில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த கட்டடத்தை நான் பசுமைக் கட்டடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மின்சாரம் நின்ற ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதற்குள் மனிதர் இருக்க முடியாது.

சுவருக்கு வருவோம். நாம் செங்கல் வாங்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கு, மலையடிவாரம், யானைகள் போகும் வழி. அங்கே சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி ஓடைகளே உருமாறிப் போயின. ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பிறகு, 2021-இல் அங்கே சூளைகள் மூடப்பட்டன. மண்ணைத் தோண்டுவது ஒரு கேடு, அதைச் சுட விறகும் நிலக்கரியும் எரிப்பது இன்னொரு கேடு.

சுடாமலே சுவர் எழுப்பலாம். ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து காட்டி வருகிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த பார்வையாளர் மையத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் கல் வெறும் செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தியது. சூளை இல்லை, புகை இல்லை. எந்த மண்ணும் இதற்கு ஆகிவிடாது. பாதி மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும், மீதி வண்டலும் சரளையுமாக இருந்தால் உத்தமம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். வண்டல் மெல்ல அதன்மேல் படியும். களி மறுநாள் வரை கலங்கலாக நின்று கடைசியில் இறங்கும். அடுக்குகளை அளந்தால் கணக்குத் தெரிந்துவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் பொங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குச் சிமெண்டை விடச் சுண்ணாம்பு சேர்ப்பதே பொருந்தும். மேல்மண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணை மட்டும் எடுக்க வேண்டும். தோண்டிய பள்ளத்தை மழைநீர்க் குளமாக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் மண்வீடு என்று பெயர் வைத்துக்கொள்வது இன்னொரு தடாகத்தைத்தான் உண்டாக்கும்.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல்லையும் களியையும் 1450 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். எரிபொருள் விடும் புகை ஒரு பக்கம். சூட்டில் அந்தக் கல்லே தன்னுள் அடக்கி வைத்திருந்த கரியமில வாயுவை விடுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதுதான் அதிகம். சூரிய மின்சாரத்திலேயே சூளையை ஓட்டினாலும் இது நிற்காது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. ஆகவே தேவையில்லாத இடத்தில் சிமெண்டைக் கொட்டக் கூடாது. தூண், உத்தரம், அடித்தளம் இவற்றில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அங்கே மிச்சம் பிடிப்பவர் உயிரோடு விளையாடுகிறார். சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் கலந்து சிமெண்டின் தீங்கைக் குறைக்கும் புதிய வகையை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு நம் ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து உருவாக்கின. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் உண்டு. 2023-இல் அதற்கு இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. இனி அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறியாளர்கள் பொறுப்பு.

பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பை மறந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். சுண்ணாம்பைச் சுட ஏறக்குறைய 900 டிகிரி போதும். சுவரில் பூசியபிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. செட்டிநாட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு கலந்து தேய்த்தார்கள். நூறாண்டு கழித்தும் அந்தச் சுவரில் முகம் பார்க்கலாம். அழகை விட முக்கியமானது, அது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். காரத்தன்மை உள்ளதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பூஞ்சை பிடிக்காத சுவரைத் தவிர வேறென்ன வேண்டும்? பழைய சுண்ணாம்புச் சுவரைச் சீர்செய்கிறேன் என்று அதன் மேல் சிமெண்டு பூசுகிறார்கள். அடியிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, நாலைந்து மழைக்காலத்துக்குள் பூச்சு பொரிந்து உதிரும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சுண்ணாம்பாலேயே சீர்செய்யுங்கள். இடிக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு பழைய தூணும் ஒரு வீடு போனதற்குச் சாட்சி.

வீட்டுக்குள் நாம் பூசுவதும் பொருத்துவதும் சுவரை விட நெருக்கமாக நம் மூச்சைத் தொடுபவை. பெயிண்டில் ஈயம் கலப்பது நெடுநாள் வழக்கம். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அது நிறம் கொடுக்கும், சீக்கிரம் உலரவும் உதவும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெடுத்ததைத் திருப்ப முடியாது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-இல் எழுதப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் நம் கதவுகளிலும் கிராதிகளிலும் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்புங்கள்.

அலமாரிக்கும் மாடுலர் கிச்சனுக்கும் வைக்கிற எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, மலிவான பிளைவுட் இவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல வெளிவருகிறது. கண் எரியும், தொண்டை கரகரக்கும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் அது இன்னும் அதிகமாக வெளிவரும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. புது வீட்டு வாசனை என்று நாம் ரசிப்பதில் இதுவும் இருக்கிறது. குடிபுகுந்த முதல் மாதங்களில் சன்னலைத் திறந்து வையுங்கள், குளிரூட்டிக்காக அறையை அடைத்துப் போடாதீர்கள். வாங்கும்போது வாயு வெளியீடு குறைந்த இ-0, இ-1 தர முத்திரையைக் கேளுங்கள். நம் அம்மாக்களின் சமையலறையில் கடப்பாக் கல்லில் தட்டு வைத்த அலமாரி இருந்தது. கரையான் வராது, ஊறிப்போகாது, வாயு விடாது, விலையும் குறைவு. அதைப் பழசு என்று ஒதுக்கியதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

கடைசியாக, கட்டுகிறவர்களின் உடம்பு. டைல்ஸையும் கிரானைட்டையும் தண்ணீர் விடாமல் கட்டரில் அறுக்கும்போது எழும் வெண்புகையில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். அதற்கு மருந்து இல்லை. இப்போது சமையல் மேடைக்குச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை நாகரிகமாகியிருக்கிறது. பல வகைப் பலகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிகாதான். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டு விழுந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் அதே வேலையை ஒரு பையன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்கிறான். நாம் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அவன் நாளெல்லாம் அங்கேயே நிற்கிறான். கட்டருக்கு ஒரு தண்ணீர்க் குழாயும், நல்ல முகமூடியும் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். வீட்டுச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. 2024-இல் தமிழ்நாடு அரசு ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒவ்வொன்றும் மூன்றரை லட்சம் ரூபாயில். குடிசையில் இருப்பவருக்குப் பாதுகாப்பான வீடு கிடைப்பது பெரிய விஷயம், அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் 360 சதுர அடி வீட்டில் கூரைக்கும் தலைக்கும் நடுவே மறைவிடமே கிடையாது. அந்த எட்டு லட்சம் தளங்களும் வெறும் கான்கிரீட்டாக வெயிலில் காய்ந்தால், அங்கே குடியேறும் ஏழைகள் ஒவ்வொரு கோடையிலும் அந்த அனலில்தான் படுக்க வேண்டும். நிரப்புத் தளமோ, வெள்ளைப் பதிப்போ, எதிரெதிர்ச் சன்னலோ இதில் எதுவும் அந்த மதிப்பீட்டுக்குள் அடங்காத செலவு அல்ல. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 உள்ளிட்ட நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அங்கே எழுந்து நின்று, எங்கள் ஊரில் கட்டப்போகும் வீடுகளின் கூரைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.